பொறியா, பெற்றோலா? ஒரு பழைய ஜீப்பின் வரலாறு

நீளமான பதிவு. நேரம் இருப்பவர்கள் ஆறுதலாக வாசியுங்கள். வாகனங்களைப் பற்றி ஒன்றும் தெரியாதவர்களும் வாசிக்கலாம். போன வருடம் வரை நானும் அந்தக் கூட்டம்தான்.

எங்கள் வீட்டு மாமரத்தடியில் நிற்கும் வில்லிஸ் ஜீப்பை ஊரில் பலருக்குத் தெரியும். வாப்பா வட்டைக்குப் போய்வந்த ஜீப். விதைநெல், உரம், கூலிக்கு வரும் ஆட்கள், சாப்பாட்டுச் சட்டி எல்லாவற்றையும் ஒரே நடையில் கொண்டுபோகும். மழைக்குப் பிறகு உழவு இயந்திரம் தவிர வேறெதுவும் போகாத வாய்க்கால் கரையிலும் அது போகும். வாப்பா மௌத்தான பிறகு காக்காதான் அதைப் பார்த்துக்கொண்டார். 2022 இல் பெற்றோலுக்கு நாள்கணக்கில் வரிசையில் நின்றோமே, பிறகு கியூஆர் முறை வந்து கிழமைக்கு இத்தனை லீற்றர் என்று அளந்து தந்தார்களே, அந்த நேரம் நிறுத்திய ஜீப் ஒரு வருடத்துக்கு மேல் அசையவில்லை.

பிறகு ஸ்டார்ட் வருவதே பெரும்பாடாகிவிட்டது. வந்தாலும் இழுவை இல்லை, முக்கி முக்கி ஓடும். ஒரு கராஜில் விட்டோம், பெயர் வேண்டாம். காபரேட்டர் என்றார்கள், கழற்றிக் கழுவி கிட் மாற்றினார்கள். பிளக் என்றார்கள், நான்கையும் மாற்றினார்கள். பெற்றோல் பம்ப் என்றார்கள், அதுவும் மாறியது. வயரெல்லாம் இற்றுப்போய்விட்டது என்று இழுத்தெடுத்துப் புதிதாகப் போட்டார்கள். எல்லாம் முடிந்து வீட்டுக்குக் கொண்டுவந்தால், ஸ்டார்ட் வருகிறது, பத்து நிமிடம் ஓடுகிறது, நின்றுவிடுகிறது. அரை மணித்தியாலம் ஆறவிட்டால் மறுபடியும் பத்து நிமிடம். திரும்பப் போய்க் கேட்டால் முழுக் காபரேட்டரையுமே புதிதாக வாங்க வேண்டும் என்றார்கள். காக்காவுக்கு வெறுத்துவிட்டது. "இரும்புக்குப் போடுவம்டா" என்றார். ஒரு வியாபாரி வந்து விலையும் பேசிவிட்டுப் போனார்.

விற்பதற்கு முன்னால் இது என்ன சாமான் என்றாவது தெரிந்துகொள்வோம் என்று படிக்கத் தொடங்கினேன். வரலாறு படிப்பிக்கிறவனுக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் அதுதான்.

கதை 1940 இல் தொடங்குகிறது. ஐரோப்பாவில் பிரான்ஸ் விழுந்துவிட்டது. அமெரிக்க இராணுவத்திடம் குதிரைக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் பதிலாக ஓடக்கூடிய சின்ன நான்கு சில்லு வாகனம் இல்லை. அந்த வருடம் ஜூலையில் 135 நிறுவனங்களுக்கு அழைப்புப் போனது. நான்கு சில்லும் இழுக்க வேண்டும், நிறை 1300 இறாத்தலுக்குள் இருக்க வேண்டும், முதல் வண்டி 49 நாட்களில் வேண்டும். ஒழுங்காகப் பதில் கொடுத்தவை இரண்டே இரண்டு, பாண்டம் என்ற சின்னக் கம்பனியும் வில்லிஸ் ஓவர்லாண்டும். பாண்டம் கம்பனி வங்குரோத்தின் விளிம்பில் நின்றது. அவர்கள் கூப்பிட்ட கார்ல் புரோப்ஸ்ட் என்ற பொறியியலாளர் இரண்டு நாட்களில் படம் வரைந்து முடித்தார். செப்டெம்பர் 23 அன்று, கடைசி நாளில், முதல் வண்டி மேரிலாந்தில் இருந்த ஹோலபேர்ட் முகாமுக்கு ஓடி வந்து சேர்ந்தது. நிறை நிபந்தனையை மட்டும் அவர்களாலும் நிறைவேற்ற முடியவில்லை, வேறு யாராலும் முடியவில்லை.

படம் பாண்டமுடையது, ஆனால் பெரிய ஓடர் போனது வில்லிஸுக்கு. காரணம் எஞ்சின். வில்லிஸின் தலைமைப் பொறியியலாளர் டெல்மர் ரூஸ், 48 குதிரைவலுத் தந்த பழைய கார் எஞ்சின் ஒன்றைச் சின்னச் சின்னத் திருத்தங்களால் 60 குதிரைவலுவுக்கு ஏற்றியிருந்தார். நான்கு சிலிண்டர், 2.2 லீற்றர். 'கோ டெவில்' என்று அதற்குப் பெயர். பிறகு ஃபோர்ட் கம்பனியும் அதே படத்தை வைத்து அதே ஜீப்பைச் செய்தது. ஒன்றின் உதிரிப்பாகம் மற்றதற்குப் பொருந்த வேண்டும் என்பது இராணுவத்தின் கட்டளை. ஹென்றி ஃபோர்ட்டின் ஆட்கள் விட்டுக்கொடுக்கவில்லை, தங்கள் ஆணிகளின் தலையில்கூட 'எஃப்' என்று எழுத்து அடித்து அனுப்பினார்கள்! யுத்தம் முடியும்போது இரண்டு கம்பனியும் சேர்ந்து 6 இலட்சத்துக்கும் அதிகமான ஜீப்புகளைச் செய்திருந்தன.

(ஜீப் என்ற பெயர் 'ஜீ.பீ.' என்ற எழுத்துகளில் இருந்து வந்தது என்று பாடப் புத்தகங்களில்கூட எழுதுகிறார்கள். பொப்பாய் கார்ட்டூனில் 1936 இலேயே 'ஜீப்' என்றொரு மாயப் பிராணி வந்துவிட்டது. நான் பிராணியின் பக்கம்.)

இங்கிருந்துதான் எனக்குச் சுவாரசியம் தொடங்கியது. 6 இலட்சம் ஜீப் என்றால் அதைவிட அதிகமான சாரதிகள் வேண்டும். பலருக்கு வயது 18, 20. பாலைவனத்திலோ பர்மாக் காட்டிலோ ஜீப் நின்றால் பக்கத்தில் கராஜ் கிடையாது. அவனே இறங்கி எஞ்சின் மூடியைத் திறக்க வேண்டும். திறந்து என்ன பார்ப்பது? இந்தக் கேள்விக்கு விடை சொல்லிக் கொடுப்பது வேறு ஒன்றுமில்லை, படிப்பித்தல்தான். எனவே இது எங்கள் தொழிலின் வரலாறும்கூட.

பெற்றோல் எஞ்சின் ஓட மூன்று வேண்டும். சரியான கலவை, சரியான நேரத்தில் பொறி, அமுக்கம். அமுக்கம் ஒரே நாளில் போய்விடாது, பழசாகிப் பழசாகித்தான் குறையும். நேற்று ஓடிய வண்டி இன்று ஓடவில்லை என்றால் அநேகமாக முதல் இரண்டில் ஒன்று. கலவையைக் கொடுப்பது காபரேட்டர், பொறியைக் கொடுப்பது பற்றரியில் இருந்து பிளக் வரையான மின்சுற்று. இரண்டுக்கும் தனித்தனி வரலாறு இருக்கிறது.

காபரேட்டரை முதலில் எடுப்போம். 1886 இல் கார்ல் பென்ஸின் வண்டியில் பெற்றோல் ஒரு பாத்திரத்தில் கிடந்து ஆவியாகும், அந்த ஆவிதான் எஞ்சினுக்குள் போனது. குளிரில் ஆவி குறையும், வெயிலில் கூடும், எஞ்சினும் அதற்கேற்ப ஆடும். 1893 அளவில் ஜேர்மனியில் வில்ஹெல்ம் மேபாக்கும், ஹங்கேரியில் டொனாட் பாங்கி, யானோஷ் சோங்கா இருவரும், பெற்றோலை ஒரு நுண்துளையால் காற்றுக்குள் தெளிக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். பூக்காரி ஒருத்தி பூவுக்குத் தண்ணீர் தெளிப்பதைப் பார்த்துத்தான் ஹங்கேரியர்களுக்கு யோசனை வந்தது என்றொரு கதை உண்டு. நல்ல கதை, நம்ப வேண்டிய அவசியமில்லை.

ஜீப்பில் இருந்த கார்ட்டர் கம்பனியின் 'டபிள்யூ.ஓ.' காபரேட்டர் அந்தக் குடும்பத்தின் பேரப்பிள்ளை. உள்ளே சின்னக் கிண்ணம். கிண்ணத்தில் ஒரு மிதவை. பெற்றோல் நிறைந்தால் மிதவை எழும்பி ஊசியால் வாசலை அடைக்கும், எங்கள் வீட்டுத் தண்ணீர்த் தாங்கிக்குள் இருக்கும் பந்து போலத்தான். கிண்ணத்தில் இருந்து தலைமயிர் அளவுத் துளைகள் வழியாகப் பெற்றோல் காற்றோடு சேரும். அக்ஸிலேட்டரை மிதிக்கும்போது ஒரு குட்டிப் பம்ப் பெற்றோலை ஒரு பீச்சல் பீச்சும். இந்தப் பீச்சலை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

காபரேட்டருக்கு எதிரிகள் மூன்று. ஒன்று அழுக்கு. வட ஆபிரிக்காவில் பிரித்தானியப் படை பெற்றோலை மெல்லிய 4 கலன் தகர டின்களில் கொண்டுபோனது. அவை ஒழுகின, கறள் பிடித்தன, மணலும் சேர்ந்தது. அந்தத் துணிக்கைகள் தலைமயிர்த் துளையில் போய் உட்கார்ந்தால் வண்டி நடுப் பாலைவனத்தில் நிற்கும். மெல்லிய தோலால் வடித்து ஊற்றும் பழக்கம் அப்படி வந்ததுதான். ஜேர்மன்காரரின் கனமான டின்னைக் கண்டதும் அதையே பார்த்துச் செய்துகொண்டார்கள், 'ஜெரி கேன்' என்ற பெயரே அதன் சாட்சி. இரண்டாவது எதிரி வெப்பம். எஞ்சினுக்குப் பக்கத்தில் போகும் குழாயில் பெற்றோல் கொதித்து ஆவியானால் பம்ப் ஆவியை இழுக்கும், பெற்றோல் வராது. சாரதி ஈரத்துணியைப் பம்பில் சுற்றிவிட்டு நிழலில் உட்கார வேண்டியதுதான். மூன்றாவது எதிரி சும்மா நிற்பது. பாவிக்காத பெற்றோல் கிண்ணத்துக்குள் வற்றி, மஞ்சள் பிசினாகி, துளைகளை அடைக்கும். 2022 இல் எங்கள் ஜீப்புக்கு நடந்தது இதுதான். அந்தக் கராஜ்காரர்கள் காபரேட்டரைக் கழுவியதில் ஒரு பிழையும் இல்லை என்பதை இங்கே எழுதிவைக்கிறேன்.

இனிப் பொறி. இங்கே ஒரு ஆசிரியர் வருகிறார். சார்ல்ஸ் கெட்டரிங், ஒஹையோ மாநிலத்தில் ஒற்றை அறைப் பாடசாலையில் படிப்பித்தவர். கண் வருத்தத்தோடு போராடிப் பல்கலைக்கழகம் முடித்து, காசுப் பதிவு இயந்திரம் செய்யும் கம்பனியில் சேர்ந்தார். கைப்பிடி சுற்றாமல் மின்சாரத்தால் அந்த இயந்திரத்தை இயக்கியவர் அவர். அப்போது பல கார்களில் உலர் பற்றரியும் நடுங்கும் சுருளும் இருந்தன. ஒரு தடவை எரியவைக்க அது ஒரு கூட்டம் பொறியைக் கொட்டும், பற்றரி சீக்கிரம் செத்துவிடும். கெட்டரிங் யோசித்தது, ஒரேயொரு பொறி, ஆனால் பலமான பொறி, சரியான கணத்தில். 1909 இல் நண்பர்களோடு டெல்கோ கம்பனியைத் தொடங்கினார். கடிலாக் கார்கள் அவருடைய முறையை எடுத்துக்கொண்டன. 1912 இல் கைப்பிடி சுற்றாத மின்சார ஸ்டார்ட்டரையும் கொடுத்தவர் அவர்தான்.

அந்த முறைதான் முப்பது வருடத்துக்குப் பிறகு ஜீப்பிலும் இருந்தது. தரம் 10 பிள்ளைக்கு விளங்குகிற மாதிரிச் சொல்கிறேன். பற்றரியில் இருந்து வரும் மின்னோட்டம் கொயிலின் தடித்த சுருள் வழியாகப் போய், டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் 'பொயிண்ட்' என்ற இரண்டு சின்ன உலோகப் பொட்டுகள் தொட்டுக்கொண்டிருக்கும்வரை ஓடும். கொயிலில் காந்தம் உண்டாகும். எஞ்சின் சுற்றும்போது அந்தப் பொட்டுகள் விலகும். மின்னோட்டம் அறுந்து காந்தம் சரியும். சரியும் வேகத்தில், ஆயிரக்கணக்கான மெல்லிய சுற்றுகள் உள்ள இரண்டாவது சுருளில் பல ஆயிரம் வோல்ட் பிறக்கும். அது ரோட்டர் வழியாக முறைக்கு முறை 1, 3, 4, 2 என்று பிளக்குகளுக்குப் போகும். கொண்டென்சர் என்ற சின்னத் தகரக் குப்பி, பொட்டுகள் விலகும்போது அங்கே தீப்பறக்காமல் பார்த்துக்கொள்ளும். அது செத்தால் பொயிண்ட் கருகும், பொறி மெலியும்.

பொட்டுகள் விலகும் இடைவெளி அங்குலத்தின் ஆயிரத்தில் 20 பங்கு, ஏறத்தாழ அரை மில்லிமீற்றர். பிளக்கின் இடைவெளி ஆயிரத்தில் 30. எஞ்சின் நிமிடத்துக்கு 4000 தடவை சுற்றினால் அந்தப் பொட்டுகள் நிமிடத்துக்கு 8000 தடவை திறந்து மூடும். இவ்வளவு நுணுக்கமான சாமானைச் சேற்றிலும் மணலிலும் கொண்டுபோய் விட்டார்கள் என்பதுதான் யுத்தம்.

ஆபத்தும் அங்கேதான். மெலிந்த பொறி, பெற்றோல் குறைந்தது போலவே நடிக்கும். இழுவை குறையும், இருமும், கறுப்புப் புகை கக்கும். மனிதன் கண்ணுக்குத் தெரிகிற காபரேட்டரைப் பிடித்துத் திருகத் தொடங்குவான். அதில் திருகாணி இருக்கிறது, திருகினால் சத்தம் மாறுகிறது, ஏதோ செய்தோம் என்ற திருப்தி. நன்றாக இருந்ததும் கெட்டுப்போகும். பிறகு இரண்டு பழுது.

அமெரிக்க இராணுவம் இதை விளங்கிக்கொண்டு இரண்டு வேலை செய்தது. பழுதுபார்ப்பதை ஐந்து படியாகப் பிரித்தது. முதல் படி சாரதி, அவன் எண்ணெய் தண்ணீர் பார்ப்பான், வயர் கழன்றதா என்று பார்ப்பான், காபரேட்டரைப் பிரிக்கக் கூடாது. அடுத்த படி பிரிவின் மெக்கானிக். அப்படியே ஏறி ஐந்தாவது படி பெரிய தொழிற்சாலை. தரம் 5 பிள்ளையின் கையில் உயர்தர வினாத்தாளைக் கொடுக்காத மாதிரி. இரண்டாவது வேலை கையேடு. 1944 இல் வந்த ஜீப் கையேட்டில் பழுது தேடுவதற்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. முதலில் குணங்குறி, பிறகு இருக்கக்கூடிய காரணங்கள், பிறகு பரிகாரம். எங்கள் ஊர் யுனானி வைத்தியர் நாடி பிடிக்கிற ஒழுங்கு. எஞ்சின் சுற்றவே இல்லையா, சுற்றுகிறது ஆனால் எரியவில்லையா, எரிகிறது ஆனால் தப்புகிறதா? ஒவ்வொரு கேள்வியும் சந்தேகத்தில் பாதியை வெட்டிவிடும். கேட்பதற்குக் காசு செலவில்லை, ஒரு ஆணியையும் கழற்ற வேண்டியதில்லை.

ஆனால் கையேட்டைப் பொடியன்மார் வாசிப்பார்களா? நாங்கள் குறிப்புக் கொடுத்தால் வாசிக்கிறார்களா? ஜீப் முதன்முதலில் ஓடி வந்த அதே ஹோலபேர்ட் முகாமில் 'ஆர்மி மோட்டர்ஸ்' என்ற சஞ்சிகை தொடங்கியிருந்தது. 1942 இல் இராணுவத்துக்கு எடுக்கப்பட்ட ஒரு கார்ட்டூன்காரர் அதற்கு வரையத் தொடங்கினார். வில் ஐஸ்னர். பிற்காலத்தில் சித்திர நாவல் உலகின் பெரிய பெயர்களில் ஒன்று, இன்று காமிக்ஸ் துறையின் உயர் விருதொன்று அவர் பெயரில்தான். அவர் உருவாக்கிய ஜோ டோப் என்ற சிப்பாய் ஒரு மடையன். செய்யக் கூடாததை எல்லாம் செய்வான், வண்டியை நாசமாக்குவான். வாசிக்கிற சிப்பாய் சிரிப்பான், சிரித்தபடி எண்ணெய் பார்க்கப் பழகுவான். கொரிய யுத்தத்தோடு 1951 இல் 'பி.எஸ்.' என்ற புதிய சஞ்சிகை வந்தபோதும் இராணுவம் அவரைத்தான் கூப்பிட்டது. பாடசாலைக்குச் சித்திரக்கதை கொண்டுவந்த பிள்ளையின் புத்தகத்தைப் பறித்து மேசை லாச்சியில் போட்டவன் நான். ஒன்றல்ல, நாலைந்து.

யுத்தம் இன்னும் சில பழுதுகளைச் சேர்த்துவிட்டது. ஜீப்பில் வானொலி பூட்டியபோது ஒவ்வொரு பொறியும் வானொலியில் படபடவென்று கேட்டது. அதை அடக்கப் பிளக் வயர்களில் தடைகளும், எஞ்சினையும் உடலையும் இணைக்கும் செப்புப் பட்டிகளும் பூட்டினார்கள். பொறி போகும் வழியில் தடை பூட்டினால் பழுது வர இன்னொரு இடம் கிடைத்தது என்று அர்த்தம். நோர்மண்டித் தரையிறக்கத்துக்கு அஸ்பெஸ்டஸ் கலந்த கிறீஸால் டிஸ்ட்ரிபியூட்டர், கொயில், வயர் முனைகளை எல்லாம் பூசி மூடினார்கள். கடலைத் தாண்டியதும் அந்தப் பூச்சைக் கழற்ற வேண்டும். 1950 இல் வந்த எம் 38 ஜீப்பில் இந்தத் தொல்லைக்கு ஒரு முடிவு கட்டினார்கள். 24 வோல்ட், கொயிலும் பொயிண்டும் ஒரே பெட்டிக்குள், தண்ணீர் புகாத மூடி. ஆற்றுக்குள்ளால் போகும். ஆனால் 1941 இன் ஜீப்பில் இரண்டு கிளிப்பைத் தட்டி மூடியைத் தூக்கினால் பொயிண்டைக் கண்ணால் பார்க்கலாம், இதில் அது முடியாது. தண்ணீருக்கு அடைத்த கதவு சாரதிக்கும் அடைபட்டது.

மிச்சக் கதை வேகமானது. 1970 இல் அமெரிக்கா காற்று மாசுக்குச் சட்டம் கொண்டுவந்தது. சில வருடங்களில் பொயிண்ட் போய் இலத்திரனியல் வந்தது, பிறகு காபரேட்டர் போய் கணினி அளந்து பெற்றோல் பீச்சத் தொடங்கியது. 1996 முதல் அங்கே விற்கும் கார்கள் எல்லாவற்றிலும் ஒரே மாதிரியான பழுது சொல்லும் சொக்கெட் கட்டாயம். நல்லதுதான், புகை குறைந்தது, பெற்றோல் மிச்சம். அதற்காக ஒப்பாரி வைக்க நான் வரவில்லை.

இலங்கைக்கும் ஜீப்புக்கும் உள்ள தொடர்பு பழையது. 1944 ஏப்ரலில் மவுண்ட்பேட்டனின் தென்கிழக்காசியக் கட்டளைத் தலைமையகம் பேராதனைக்கு வந்தது. யுத்தம் முடிந்ததும் உபரியாக விற்ற ஜீப்புகளும், 1945 இல் இருந்து வில்லிஸ் கம்பனி விவசாயிகளுக்கென்று செய்த ஜீப்புகளும் வயல்களுக்கும் தோட்டங்களுக்கும் வந்தன. எங்களுடையது இதில் எது என்று சொல்லும் தகடு தேய்ந்துவிட்டது. இரண்டிலும் எஞ்சின் ஒன்றுதான், இரண்டும் பிறக்கும்போது 6 வோல்ட். உலகம் 1950களில் 12 வோல்ட்டுக்கு மாறியது. 6 வோல்ட் பற்றரி தேடி அலுத்துப்போய் வாப்பா எப்போதோ 12 வோல்ட் பற்றரி பூட்டினார். அது எனக்குத் தெரியும். அதோடு என்ன செய்தார் என்பது எனக்கும் காக்காவுக்கும் தெரியாது.

இனி முற்றத்துக்கு வருவோம்.

வியாபாரி வந்துபோன கிழமை, என்னிடம் படித்த ஒரு பொடியன் மதிலுக்கு மேலால் ஜீப்பைப் பார்த்துவிட்டு உள்ளே வந்தான். சாதாரண தரத்தோடு படிப்பை நிறுத்தி, வேறு ஊரில் ஒரு கராஜில் வேலை பழகியவன். வகுப்பில் "ஏன் சேர்?" என்று கேட்டுக்கொண்டே இருப்பான். ஒல்லாந்தர் ஏன் சேர் கறுவாப் பட்டைக்காகச் சண்டை பிடிச்ச? அதே பட்டையை வேற இடத்தில நட்டா என்ன? பாடத்திட்டம் முடிக்க வேண்டும் என்ற அவசரத்தில் பல தடவை இருத்திவிட்டேன். முன்னேற்ற அறிக்கையில் 'தேவையற்ற கேள்விகளால் வகுப்பைக் குழப்புகிறார்' என்று எழுதியது என் கைதான்.

அவன் எதையும் கழற்றவில்லை. கேட்டான்.

"சேர், நிக்கக்குள்ள எப்பிடி நிக்கிற? இழுத்து இழுத்து, இருமி நிக்கிதா? இல்லாட்டி திறப்ப மூடின மாதிரி ஒரேயடியா நிக்கிதா?"

யோசித்தேன். "ஒரேயடியா."

"கராஜுக்குக் குடுக்க முந்தியும் அப்பிடியா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. முந்தி இருமி இருமி நின்றது. இப்போது ஒரேயடியாக நிற்கிறது. பழுது ஒன்றல்ல, இரண்டு. முதலாவது போய்விட்டது, அதன் இடத்தில் வேறொன்று வந்திருக்கிறது. நாங்கள் எல்லாவற்றுக்கும் 'ஓடுதில்லை' என்ற ஒரே பெயரை வைத்திருந்தோம்.

ஸ்டார்ட் பண்ணி நிற்கும்வரை காத்திருந்தான். நின்றதும், சூடு ஆற முன்னமே, காபரேட்டரின் வாயைத் திறந்து பார்த்தபடி அக்ஸிலேட்டர் நெம்பை ஒரு தட்டுத் தட்டினான். பெற்றோல் பீச்சியடித்தது. "பெற்றோல் இரிக்கி சேர்." திரும்ப மூடி, ஈரத்தைத் துடைத்து, கொஞ்ச நேரம் விட்டான். பெற்றோல் மணக்கும்போது பொறி பார்க்கக் கூடாது, இதை வாசிக்கும் பொடியன்மார் கவனியுங்கள். பிறகு கொயிலில் இருந்து வரும் தடித்த வயரை உலர்ந்த துணி சுற்றிய குறட்டால் பிடித்து, எஞ்சின் இரும்புக்குக் கிட்ட வைத்து, காக்காவை ஸ்டார்ட் அடிக்கச் சொன்னான். நீலமாகச் சடசடக்க வேண்டிய இடத்தில் மஞ்சளாக ஒரு நூல், அதுவும் விட்டுவிட்டு. கொயிலைத் தொட்டுப் பார்த்துக் கையை இழுத்துக்கொண்டான். அடுப்பில் இருந்து இறக்கிய கேத்தல் போலச் சூடு.

கொயிலின் அடியைத் துடைத்து வாசித்தான். 6 வோல்ட். பற்றரி 12.

"சேர், இதுக்கு முந்தி இந்த வயர்ல வெள்ளையா கல்லுப் போல ஒரு சாமான் இருந்திச்சா?"

வயர் மாற்றிய கராஜ் கழற்றிய பழசுகளை ஒரு சொப்பின் பேக்கில் போட்டுத் தந்திருந்தார்கள். நேர்மையானவர்கள். பேக்கைக் கொட்டினோம். விரல் நீளத்தில் வெள்ளைப் பீங்கான் துண்டு, இரண்டு பக்கமும் ஆணி. அது ஒரு மின்தடை. 12 வோல்ட்டில் பாதியைத் தான் விழுங்கிக்கொண்டு மற்றப் பாதியைக் கொயிலுக்குக் கொடுத்துவந்தது. வாப்பா 12 வோல்ட்டுக்கு மாறிய நாளில் யாரோ ஒரு பாஸ் யோசித்துப் பூட்டியது. புதிதாக வயர் இழுத்தவருக்கு அது ஏனென்று விளங்கவில்லை, தேவையில்லாத சாமான் என்று நினைத்து நேராக இழுத்துவிட்டார். வோல்ட் இரண்டு மடங்கானால் மின்னோட்டமும் இரண்டு மடங்கு, வெப்பம் நான்கு மடங்கு. கொயில் பத்து நிமிடத்தில் காய்ந்து சோர்ந்துவிடும், ஆறினால் மறுபடி எழும்பும். பொயிண்ட் கருகி நீலம் பாய்ந்திருந்தது.

அந்தக் கொயில் இனிச் சரிவராது என்றான். பழைய மொரிஸ் காரில் இருந்து எடுத்த 12 வோல்ட் கொயில் ஒன்று, புதுப் பொயிண்ட், கொண்டென்சர். பொட்டுகளின் இடைவெளியை மெல்லிய தகட்டால் அளந்து வைத்தான். பின்னேரம் அஸருக்குப் பிறகு வட்டைக்குப் போய் மஃரிபுக்கு முன்னால் திரும்பி வந்தோம். போக ஏழு கிலோமீற்றர், வர ஏழு. நிற்கவில்லை. காக்கா வியாபாரிக்குக் கோல் எடுத்து வரவேண்டாம் என்று சொன்னார்.

காசு கேட்டதற்குச் சாமான்களின் விலையை மட்டும் சொன்னான். நான் அந்த அறிக்கையைப் பற்றிக் கதைக்க வாயெடுத்தேன். "அது கிடக்கட்டும் சேர். ஒல்லாந்தர் கத இன்னும் முடியல்ல" என்று சிரித்தான். அவனுக்கு அந்தக் கறுவாக் கேள்விக்குப் பதில் சொல்ல இருபது நிமிடம் எடுத்தது, தேத்தண்ணி ஆறிவிட்டது. பட்டையை வேறு இடத்தில் நட்டார்கள்தான், ஒல்லாந்தரே கடைசியில் கொழும்பிலும் நட்டார்கள், மருதானைப் பக்கம்.

வெள்ளைப் பீங்கான் துண்டு இப்போது என் மேசை லாச்சியில் இருக்கிறது, பறித்த சித்திரக்கதைகளோடு. திங்கட்கிழமை தரம் 10 இல் ஒருவர் கையில் இருந்து ஒருவர் கைக்குக் கொடுத்து, இது என்ன, எங்கே இருந்தது, யார் பூட்டியிருப்பார் என்று கேட்டேன். ஒரு பிள்ளை சீமெந்துத் துண்டு என்றாள். ஒருவன் மணந்து பார்த்துவிட்டு, "எரிஞ்ச மணம் வருது சேர், சூடாகிற சாமான்" என்றான். அந்தப் பாடவேளையில் வேறு ஒன்றும் படிப்பிக்கவில்லை.

உங்கள் வாப்பாமார், மூத்தாப்பாமார் வைத்திருந்த பழைய ஜீப், லாண்ட் றோவர் கையேடுகள், பற்றுச்சீட்டுகள், படங்கள் இருந்தால் பின்னூட்டத்தில் போடுங்கள். முக்கியமாக 6 வோல்ட்டில் இருந்து 12 வோல்ட்டுக்கு மாற்றிய வேலை செய்த பாஸ்மார் யாராவது இன்னும் இருந்தால் சொல்லுங்கள். வந்து பார்த்துக் கதைக்க விருப்பம்.